எல்லை கடலில் கிடந்தால் எல்லை இல்லையா?

ஒன்றிய அரசின் ‘துடிப்பான கிராமங்கள்’ திட்டம் 2023இல் வந்தது. 4,800 கோடி ரூபாய், அதில் 2,500 கோடி சாலைக்கு மட்டும். அருணாசலம், சிக்கிம், உத்தராகண்ட், இமாசலம், லடாக் என்று வடக்கு எல்லை ஊர்களுக்கு. 2025 ஏப்ரலில் இரண்டாம் பாகம், 6,839 கோடி. இரண்டுமே தரை எல்லைக்குத்தான். அந்த ஒரு சொல்லில் ராமநாதபுரம் கரை முழுக்க வெளியே நிற்கிறது. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1974லும் 1976லும் இரண்டு நாடுகளும் கடலில் கோடு போட்டுக்கொண்டன. படகு அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பணம் ஒதுக்கும்போது மட்டும் இங்கே கோடே கிடையாது.

அந்தப் பணத்தை இந்தக் கரைக்கும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதற்கு என்று தெரிந்து கேட்க வேண்டும். செல்ஃபி பாயிண்ட், அலங்கார வளைவு, டைல்ஸ் நடைபாதை என்று போட்டால் நாலு வருசத்தில் துருவும் மணலும் தின்றுவிடும்.

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் காரும் பஸ்சும் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் உள்ளூர் வேன்தான். இப்போது கார் நேராக முனைக்குப் போகிறது, அங்கே நிற்கும் தூணைச் சுற்றுகிறது, போட்டோ எடுக்கிறது, திரும்புகிறது. சாலை தப்பில்லை, ஆம்புலன்சுக்கும் மீன் வண்டிக்கும் அது வேண்டும். ஆனால் வந்தவரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு எதுவும் அதோடு வரவில்லை. இரவு தங்கினால்தான் ஊருக்குள் காசு இறங்கும். தங்க வைக்க முதலில் வேண்டியது தண்ணீர்.

ராமேஸ்வரம் தீவிலும் தனுஷ்கோடித் திட்டிலும் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் தங்கிய மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். ஊற்றுத் தோண்டி, ஊற ஊற மொண்டு குடம் நிரப்புகிற பெண்கள் இந்தக் கணக்குக்கு உட்பட்டுத்தான் எடுக்கிறார்கள். அதே இடத்தில் லாட்ஜ்காரர் போர் போட்டு மோட்டாரை ஓட விட்டால் குழாயின் நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பி வரும். உப்பேறிய இடம் தெளிய ஒரு மழைக்காலம் போதாமலும் போகும். அவருக்கு லாரித் தண்ணீர் வாங்க வசதி உண்டு, பக்கத்து வீட்டுக்கு?

ஒரு வீட்டில் வந்தவர் தங்க இரண்டு அறை, நாலு விருந்தினர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளைக்கு 400 லிட்டர். 500 சதுர அடி காங்கிரீட் தளமோ ஓடோ இருந்தால், மாவட்டத்தின் சராசரி மழைக்கு வருசத்தில் சுமார் 30,000 லிட்டர் பிடிக்கலாம். 75 நாள் ஓடும். ஆனால் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டுகிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்தால் மிச்சமெல்லாம் வழிந்து ஓடும். குறைந்தது 10,000 லிட்டர் தொட்டி வேண்டும். முதல் மழையைத் திருப்பிவிட ஒரு வால்வு, தொட்டி வாயில் கொசுவலை. ஓலைக் கூரைத் தண்ணீர் குடிக்க ஆகாது, குளிக்கக்கூட நிறம் மாறித்தான் வரும்.

அடுத்தது கழிப்பறை. உறிஞ்சுகுழி தோண்டினால் குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் காய்ந்த மண் இருக்க வேண்டும். நாலடியில் தண்ணீர் வருகிற மணலில் அது நடக்காது. குழித் தண்ணீர் நேராக ஊற்றுக்குப் போகும். தரைக்கு மேலே எழுப்பிக் கட்டும் இரட்டை அறை உலர் கழிப்பறைதான் இங்கே சரி: சிறுநீருக்குத் தனிக் குழாய், மலத்தின் மேல் சாம்பல், ஒரு அறை நிரம்பினால் மூடி வைத்து மற்றதைத் திறப்பது. கெடுவது ஒரே இடத்தில்தான். வந்தவர் பழக்கத்தில் உள்ளே தண்ணீர் ஊற்றிவிடுவார், நாறிவிடும். கழுவத் தனி மேடை வைத்து, தமிழிலும் இந்தியிலும் படம் போட்டு எழுத வேண்டும்.

கட்டடத்துக்கு உள்நாட்டு எஸ்டிமேட்டை அப்படியே இறக்குகிறார்கள். இந்த மண்ணில் துரு எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்கே மண்டபம் ஊரில் மத்திய அரசின் அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. கடற்கரைக் கட்டடத்துக்கு, காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது குறைந்தது எம்30 வலிமைக் கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் (கவர்). கடல் தூவானம் படும் இடத்துக்கு எம்35, 50 மில்லி. 20 மில்லி கவர் பிளாக் வைத்து, உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி ஊதிக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கும், அது கிரானைட்.

பார்க்கிங்குக்காக மணல்மேட்டைச் சமன் செய்வதும் இதே வகை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைப்பது இராவணன் மீசைப் புல்லும் அடம்புக் கொடியும்தான். அதை வழித்து எடுத்தால் மணல் சாலைக்கு வரும், பிறகு தினமும் ஜேசிபி. விளக்கும் கடலைப் பார்த்து நிற்கக் கூடாது. தையிலிருந்து பங்குனி வரை ஆமை முட்டையிடக் கரையேறும். வெள்ளை வெளிச்சத்தில் குஞ்சு கடலை விட்டு ரோட்டுக்குப் போகும். தாழ்ந்த கம்பம், மஞ்சள் விளக்கு போதும்.

காலண்டரையும் கடலே கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்நேரம் தெற்கே மன்னார் வளைகுடா முரட்டுத்தனமாக இருக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கரையோரம் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கினால் தலைகீழ். ஆகவே ஒரே துறையில் வருசம் முழுக்கப் படகுச் சவாரி என்று திட்டம் போடக் கூடாது. கோடையில் வடகரை, மார்கழியில் தென்கரை. முனையில் குளிப்பதற்கு எந்த மாதமும் கிடையாது. இரண்டு கடலும் சேருகிற இழுப்பில் நீச்சல் தெரிந்தவரும் போயிருக்கிறார்கள்.

மீன்பிடிக்கப் பதிவான வள்ளத்தில் பயணி ஏற்றுவது சட்டப்படி ஆகாது. தனிப் பதிவு, தலைக்கொரு லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு நோட்டு வேண்டும். எல்லைக் கடல் என்பதால் கடலோரக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டித் தகவல் போக வேண்டும். படகிலேயே 1093 (கடலோரக் காவல் குழுமம்), 1554 (இந்தியக் கடலோரக் காவல் படை) இரண்டு உதவி எண்ணும் எழுதி ஒட்டுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

இதெல்லாம் சேர்ந்து எப்படி ஓடும் என்று பார்க்க வடக்கே போகத் தேவையில்லை. தொண்டிப் பக்கம் காரங்காடு போதும்: வனத்துறையும் ஊர்க் குழுவும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு போடுகிறார்கள். அதோடு இரவுத் தங்கலும் சேர வேண்டும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, ஊரகக் கரையில் மீனவர் தம் வீட்டிலேயே ஹோம்ஸ்டே நடத்த இடம் கொடுக்கிறது; வீட்டின் பரப்பையும் முகப்பையும் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். வெளியூர்ப் பணக்காரரின் ரிசார்ட்டுக்கு இல்லாத சலுகை இது. இதை அறிந்த குடும்பங்கள் குறைவு, நிலத்தை விற்றவர்கள் அதிகம்.

மே 1 கிராமசபையில் மூன்று தீர்மானம் எழுதலாம்: நன்னீர்த் திட்டில் வணிகத்துக்கு போர் போடத் தடை, விருப்பமுள்ள வீடுகளுக்கு 10,000 லிட்டர் தொட்டியும் உலர் கழிப்பறையும் மானியத்தில், கடல் எல்லை ஊர்களையும் எல்லைக் கிராமத் திட்டத்தில் சேர்க்கக் கோரிக்கை. தீர்மான நகலில் செயலர் கையெழுத்தும் முத்திரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மறுநாள் போனால் நோட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள்.