பேஸ்மேக்கர் காட்டுவது சந்தேகம்தான், முடிவல்ல

'பேஸ்மேக்கரே தூக்க மூச்சுத்தடையைக் கண்டுபிடித்துவிடும், தனியாகத் தூக்கப் பரிசோதனை தேவையில்லை' என்று சொல்வது இடிக்கிறது. பேஸ்மேக்கர் என்பது இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பொருத்தும் கருவி; தூக்க மூச்சுத்தடை என்பது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடுவது. முதலில், எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது. இருப்பவை, இதயத்துக்குள் போகும் ஒயருக்கும் தோலடியில் உள்ள பெட்டிக்கும் இடையே மிகச்சிறு மின்துடிப்பை அனுப்பி மார்பின் மின்தடையை அளக்கின்றன. மூச்சை இழுத்தால் தடை ஏறும், விட்டால் இறங்கும். அந்த அலை 10 விநாடியாவது அடங்கிக் கிடந்தால் ஒரு மூச்சுத்தடை நிகழ்வு என்று கணக்கு.

அளப்பது மார்பசைவை மட்டுமே; மூக்குக் காற்றையும் ரத்த ஆக்ஸிஜனையும் அல்ல. தொண்டை அடைத்தாலும் மார்பு போராடிக்கொண்டிருக்கும், அலை முழுதாக அடங்காது, அதனால் சில நிகழ்வுகள் தப்பிவிடும். புரோகிராம் செய்த இரவு நேரத்தைத் தூக்கமாக எடுத்துக்கொள்ளும் கருவியில் பாதி ராத்திரி விழித்திருந்தால் மணிக்கு எத்தனை நிகழ்வுகள் என்ற எண் பொய்யாகும். இரவு ஷிப்ட்காரர்கள் செக்கப்பில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்டை அடைப்பா, மூச்சுவிடச் சொல்லும் மூளையின் கட்டளை நின்றதா என்று பிரிப்பதும் முக்கியம். இதயத்தின் வெளியேற்றத் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, இரண்டாம் வகை மேலோங்கியவர்களுக்கு ஏ.எஸ்.வி. இயந்திரம் (மூச்சுக்கு ஏற்ப மாஸ்க் வழியே காற்றழுத்தம் தருவது) பொருத்தியபோது இதய மரணங்கள் கூடின என்று 2015-இல் வெளிவந்த செர்வ்-எச்.எஃப். ஆய்வு காட்டியது. பேஸ்மேக்கர் எண்ணை மட்டும் பார்த்து மாஸ்க் மாட்டக்கூடாது என்பது இதனால்தான்.