பரப்பளவு மட்டும் போதுமா?

விவசாயிகளுக்கான மானியம், வரி பற்றிய ஒரு கட்டுரையில், நிலப்பரப்புக்கு ஏற்ப மானியம் வழங்குவதே எளிமையானது என்று கட்டுரையாளர் வாதிடுகிறார். எளிமைதான், ஆனால் அதிக நிலம் வைத்திருப்பவருக்கே அதிகப் பணம் போய்ச் சேரும் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலும் பரப்பளவை வைத்து விவசாயிகளுக்கு வழங்கும் நேரடி மானியங்களே காட்டுகின்றன, அங்கே ஏறத்தாழ 80 விழுக்காடு தொகை 20 விழுக்காட்டுப் பயனாளிகளுக்குச் செல்கிறது. குத்தகைக்கு உழுபவர் பெயரிலேயே மானியம் வந்தாலும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நில உரிமையாளர் குத்தகையை உயர்த்தி அதில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும்.

வரிவிதிப்பைக் கட்டுரை ஒரே வரியில் (சிலேடை தற்செயலானது) கடந்துவிட்டது. இரண்டு ஆண்டு வறட்சியில் வருமானமே இல்லாமல் இருந்து, மூன்றாம் ஆண்டில் நல்ல மகசூல் எடுத்தவர், வருமானம் கூடக்கூட விகிதமும் கூடும் வரிமுறையில், அதே மொத்தத் தொகையை மூன்று ஆண்டுகளிலும் மாதச் சம்பளமாகப் பிரித்துப் பெற்றவரைவிட அதிக வரி கட்ட நேரிடும். ஆஸ்திரேலியாவில் வேளாண் வருமானத்தை 5 ஆண்டுகள் வரை சராசரி பார்த்து வரி கணக்கிடும் ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது.