நஞ்சு வைக்க முதல் செத்த கோழியைப் பாருங்கோ

எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு கோழி செத்தால் பழி முதலில் அயல் வீட்டு நாயில் விழும். நாய் இல்லாத அயல் என்றால் மரமேறித் திரிகிற, பூனை மாதிரியான மரநாயில் விழும். அன்று பின்னேரமே மீன் தலையிலோ சோற்றிலோ தோட்டத்து மருந்தைக் கலந்து வேலியோரம் வைத்துவிடுகிறார்கள். விடியச் செத்துக் கிடப்பது சந்தியில் படுத்திருக்கிற ஒரு அப்பாவி நாயும் அதைக் கொத்த வந்த காகங்களும்தான். கோழியைப் பிடித்தது அடுத்த கிழமையும் வந்து போகிறது. இது ஊருக்கு ஊர் நடக்கிறது. மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

செத்த கோழியை ஐந்து நிமிடம் திருப்பிப் பாருங்கோ. யார் பிடித்தது என்று பெரும்பாலும் அதிலேயே தெரியும். தெரிந்துவிட்டால் நஞ்சுக்கு வேலை இல்லை, கூட்டில் எதைத் திருத்துவது என்பதுதான் வேலை.

முதலில் நேரம். கீரி பகலில் இரை தேடுகிற பிராணி. இரவு பூட்டின கூட்டுக்குள் நடந்த கொலைக்குக் கீரியைக் குற்றம் சொல்ல முடியாது. மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் திரிபவை. மத்தியானம் கிணற்றடியில் மேய்ந்த கோழி காணாமல் போனால் மரநாயைத் தேடி முகட்டில் ஏறவும் தேவையில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

அடுத்தது, உண்மையில் ஏதும் கடித்துத்தான் செத்ததா? கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு இறகை விலக்கிப் பாருங்கோ. உயிரோடு கடிபட்ட கோழியின் காயத்தைச் சுற்றித் தோலுக்குக் கீழே இரத்தம் கண்டிப்போய் இருக்கும். செத்த பிறகு கடித்தது என்றால் அந்தக் கண்டல் இராது. நோயில் விழுந்த கோழியைப் பூனையோ காகமோ பிறகு வந்து தின்றிருந்தால், மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற நீங்கள் போக வேண்டியது மிருக வைத்தியரிடம். நஞ்சு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் கூடு முழுக்கப் போய்விடும்.

நாய் கடித்ததைக் கண்டுபிடிப்பது சுகம். நாய் பசிக்குப் பிடிப்பதைவிட ஓடுகிறதைத் துரத்திப் பிடிப்பதுதான் கூட. முதுகிலும் பின்பக்கத்திலும் தொடையிலும் பிய்ந்த காயம், வளவு முழுக்க இறகு, பல கோழிகள் செத்துக் கிடந்தும் அதிகம் தின்னாமல் விட்டிருக்கும். கூட்டின் பலகையோ வலையோ பிடுங்கியோ கிண்டியோ இருக்கும்.

மரநாயின் வேலை வேறு மாதிரி. கடி கழுத்திலும் தலையிலும் இருக்கும். தலையையும் கழுத்தையும் தின்றுவிட்டு உடம்பை விட்டுப் போயிருக்கும். கூட்டுக்குள் அடைபட்ட கோழிகள் பதறிச் சிறகடிக்க, ஒரே இரவில் பலவற்றைக் கடித்துப் போடுவதும் உண்டு. நிலத்தில் கிண்டின அடையாளம் இல்லை, கதவு பூட்டினபடி, ஆனால் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழைகிற இடைவெளி என்றால் வழி அதுதான். பனம்பழமும் எலியும் தின்று திரிகிற பிராணி அது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் முகட்டில் குடியிருக்கும். வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடுகளும் பற்றைக் காணிகளும் இத்தனை இருக்கிற ஊரில் ஒன்றைக் கொன்றால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். கொன்று முடிகிற கணக்கில்லை இது.

தலை மட்டும் இல்லாத கோழி கம்பிவலையோடு ஒட்டிக் கிடந்தால் எதுவும் உள்ளேயே வரவில்லை என்றும் இருக்கலாம். வலையோரம் தூங்கின கோழியை வெளியில் நின்றபடியே பிடித்து இழுத்திருக்கும்.

பிராந்தும் வல்லூறும் பகலில்தான் வரும், குஞ்சைத்தான் கூடுதலாகத் தூக்கும். நிலத்தில் வைத்துத் தின்றிருந்தால் பிடுங்கின இறகு ஒரே இடத்தில் குவிந்திருக்கும். குஞ்சு தடயமே இல்லாமல் குறைந்தால் பாம்பு, எலி, பூனை, காகம் எல்லாவற்றையும் நினைக்க வேண்டும். விழுங்க முடியாமல் விட்ட குஞ்சின் தலை ஈரமாகப் படிந்திருந்தால் பாம்பு. முட்டை கோதுகூட இல்லாமல் போனால் பாம்போ உடும்போ. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, அதில் கை வைக்காதேங்கோ. வன்னிப் பக்கம் இருப்பவர்கள் நரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சந்தேகமா? பின்னேரம் கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவிவிடுங்கோ. வலிகாமத்துச் செம்மண் என்றால் தண்ணீர் தெளித்து மட்டமாக்கினாலே போதும். நாயின் அடியில் நாலு விரலும் நகமும் பதியும். பூனைக்கு நாலு விரல், நகம் பதியாது. மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். அம்மம்மாமார் அடுப்படியில் கொட்டி வைத்த சாம்பல் இதற்கு நல்லாய் உதவும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்களில் வேலிச் சண்டைக்கு ஏற்கெனவே காரணம் போதும். "உங்கட நாய்தான் எங்கட கோழியை முடிச்சது" என்று தொடங்கின கதையால் நல்லது கெட்டதுக்கும் போய்வராத வீடுகள் இருக்கின்றன. நாய்தான் என்றால் காயத்தைக் காட்டி, "அண்ணை, இரவில கட்டி வையுங்கோ, செத்த கோழிக்குக் காசு தாங்கோ" என்று கேட்கலாம். நியாயமான மனிதர் தருவார். ஆதாரம் இல்லாமல் கத்தினால் நியாயமான மனிதரும் கத்துவார்.

நஞ்சு ஆள் பார்த்துப் போகாது. தவழ்கிற பிள்ளை இருக்கிற வளவில் அதை வைக்கிறவரை என்னால் மன்னிக்க முடியாது. நஞ்சு தின்று செத்ததைப் பாழ் கிணற்றில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடுகிற நிலத்தடி நீரைத்தான் குடாநாட்டில் அள்ளிக் குடிக்கிறோம். கூட்டைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுப்பது அதைவிட மோசம், இருட்டில் வருகிற மனிதரையும் அது கொல்லும்.

கூட்டைத் திருத்துங்கோ. கடையில் கோழிவலை என்று விற்கிற மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் மறிக்கும், நாயின் பல்லை மறிக்காது. சின்னக் கண்ணுள்ள தடித்த ஒட்டுக்கம்பி வலை வாங்கி, அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்குங்கோ. கூரையோர இடைவெளியை அதே வலையால் அடையுங்கோ. கொளுக்கிக்குப் பதிலாகத் தாழ்ப்பாள் போடுங்கோ. கூட்டுக்கு மேலே சாய்ந்த முருங்கைக் கொப்பை வெட்டுங்கோ. பொழுதுபட முதல் எண்ணி அடையுங்கோ. குஞ்சுள்ள பேட்டுக்கோழியைப் பகலில் கரப்பால் மூடி வையுங்கோ, பிராந்துக்கும் காகத்துக்கும் அது போதும்.