ரெட் ஹவுஸ்: வெப்பின் பங்கும் பேசப்பட வேண்டும்

லண்டனின் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில் உள்ள ரெட் ஹவுஸ் என்ற வீட்டைப் பற்றி நான் படித்த கட்டுரை, ஆங்கில வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸின் சுவரோவியங்களையும் அறைகலன்களையும் விரிவாகப் பேசிவிட்டு, 1859-இல் அவருக்காக அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பிலிப் வெப்பை ஒரே வரியில் கடந்துபோவது வருத்தமளிக்கிறது. செங்கல்லின் மேல் சாந்து பூசிக் கல்லைப் போலக் காட்டுவது வசதியானோர் வீடுகளில் வழக்கமாயிருந்த காலத்தில், வெப் செங்கல்லைப் பூச்சின்றி அப்படியே விட்டார். சன்னல்களையும் வெளித்தோற்றத்தின் சமச்சீருக்காக வரிசைப்படுத்தாமல், உள்ளிருக்கும் அறைக்கோ நடைக்கோ எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைப் பார்த்தே வைத்ததால், நீண்டவையும் வட்டமானவையுமாகப் பல வடிவங்களில் அவை சுவரெங்கும் அமைந்திருக்கின்றன. ‘எல்’ வடிவக் கட்டடம், கூம்புக் கூரையிட்ட கிணற்றை இரு பக்கமும் அணைத்து நிற்கும் அழகு, என் பார்வையில், உள்ளிருக்கும் எந்த ஓவியத்துக்கும் குறைந்ததன்று. முதன்மை அறைகள் வடக்கு நோக்கியிருப்பதால் அவற்றில் வெயில் படுவது அரிது. அது உண்மையான குறைதான். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் முதல் நிலைப் பட்டியலில் உள்ள இவ்வீட்டை 2003 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. அங்கே செல்பவர்கள் உள்ளே நுழையுமுன் தோட்டத்தில் சற்று நின்று, ஓட்டுக்கூரைகளின் செங்குத்தான சரிவையும் உயர்ந்த புகைபோக்கிகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.