நிலக்கரி விலை இறங்கினால் கூலி ஏன் இறங்கணும்?

"ஆர்டர் குறைஞ்சா இன்சென்டிவ் குறையத்தானே செய்யும், கம்பெனியும் பொழைக்க வேணாமா?" டெலிவரி தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் பற்றி யார் எழுதினாலும் கமெண்டில் ஒருவர் இப்படிக் கேட்கிறார். இந்த நியாயத்துக்கு 150 வயசு.

1875-இல் பிரிட்டனின் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் 'ஸ்லைடிங் ஸ்கேல்' வந்தது. கரி விற்கும் விலைக்கேற்பக் கூலி ஏறும், இறங்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விலை வைப்பது முதலாளி. போட்டிக் கம்பெனியின் ஆர்டரைப் பிடிக்க அவர் விலையைக் குறைத்தால் குழிக்குள் இருப்பவன் கூலி தானாகக் குறையும்.

இதில் வேடிக்கை, தொழிலாளர் தலைவரே இந்த ஏற்பாட்டை நம்பியதுதான். வில்லியம் ஆபிரகாம், ஊரே 'மேபன்' என்று கூப்பிடும். தென் வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்குக்கு எம்.பி. அருமையான குரல். கூட்டத்தில் கூச்சல் கிளம்பினால் வெல்ஷ் மொழியில் ஒரு பாட்டை எடுத்துவிடுவார். கத்தியவனும் சேர்ந்து பாடிவிடுவானாம். மாதத்தின் முதல் திங்கள் லீவு வாங்கித் தந்ததால் அதற்கு 'மேபன் நாள்' என்றே பெயர்.

1898-இல் கூலி உயர்வு கேட்டார்கள். ஏப்ரலில் கதவடைப்பு. செப்டம்பரில் தோற்றுத் திரும்பினார்கள்; மேபன் நாளும் பறிபோனது. அந்த அடிக்குப் பிறகுதான், அக்டோபரில், சிதறிக் கிடந்த சங்கங்கள் சேர்ந்து தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு ஆயின. தலைவர், அதே மேபன்!

சில வருஷங்களில் ஸ்லைடிங் ஸ்கேல் ஒழிந்தது. ஆனால் வெட்டுகிற டன்னுக்குத்தான் காசு. பூமிக்குள் கரி அடுக்கடுக்காகக் கிடக்கும்; கரியோடு கல் கலந்த அடுக்கில் நாள் முழுக்க வெட்டினாலும் கை நிறையாது. 1910-இல் ரோண்டாவின் ஈலி குழியில் புதிய அடுக்குக்கு ரேட் போட 70 பேரை வைத்துப் பார்த்தது கம்பெனி. வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறார்கள் என்று சொல்லி, அந்த 70 பேரோடு நிறுத்தாமல் குழியில் இருந்த எல்லோரையும் வெளியே தள்ளியது. அதுதான் அதே ரோண்டாவில் இருக்கும் டோனிபாண்டி என்ற ஊரில் கலவரம் வரை போனது. உள்துறை அமைச்சர் சர்ச்சில் ராணுவத்தை அனுப்பியதை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. மறு வருஷம் தோற்றுத்தான் வேலைக்குப் போனார்கள்.

ஆனால் அடுக்கு மோசமானால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வியை இனி மூட முடியவில்லை. 1912-இல் பிரிட்டன் முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர் குழியிறங்க மறுத்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. எவ்வளவு என்று தொகை மட்டும் சட்டத்தில் இல்லை. அந்தந்த வட்டார வாரியம் பார்த்துக்கொள்ளுமாம்! சட்டம் வருவதற்கு முன்பே, அந்த வருஷத் தொடக்கத்தில், கோபப்பட்ட டோனிபாண்டி இளைஞர்கள், சங்கத் தலைவர்கள் கையில் இருக்கும் அதிகாரத்தையே பிடுங்க வேண்டும் என்று பிரசுரம் அடித்திருந்தார்கள். மேபன் தலைவர் பதவியை விட்டதும் அதே வருஷம்தான்.