'பையனும் என்னைப் போலத்தான்' என்று அப்பா சொன்னால் நம்பிவிட வேண்டுமா?

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் கொடுத்த எம்பி3 கோப்பில் பாடகர் பெயர் 'கேட் ஸ்டீவன்ஸ்' என்று இருந்தது. பாட்டு, 'கேட்ஸ் இன் த கிரேடில்'. பல வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இன்றும் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பில் பூனை, பாடகர் பெயரிலும் பூனை. போதாததற்கு அந்தக் கேட் ஸ்டீவன்ஸ் 1970-லேயே 'ஃபாதர் அண்ட் சன்' என்று அப்பா மகன் பாட்டு ஒன்றைப் பாடியும் வைத்திருக்கிறார். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

உண்மையில் பாடியவர் ஹாரி சேப்பின், நியூயார்க்காரர். 1974 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. அவருக்கு முதலிடம் வாங்கித் தந்த பாட்டு இது ஒன்றுதான்.

கதை தெரியாதவர்களுக்காக: பிள்ளை பிறக்கிறான். அப்பாவுக்குப் பிடிக்க விமானம் இருக்கிறது, கட்ட பில் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாதபோதே பையன் நடக்கக் கற்றுக்கொள்கிறான். பத்து வயதில் பந்து வாங்கித் தருகிறார். எறியச் சொல்லிக் கொடுங்கள் என்றால், இன்றைக்கு முடியாதே என்கிறார். பையன் முகம் வாடக்கூட இல்லை. நானும் அப்பா மாதிரியே ஆவேன் என்று சொல்லிக்கொண்டு போகிறான். கல்லூரியிலிருந்து வந்தவனை, கொஞ்சம் உட்காரேன் என்கிறார் அப்பா. அவனுக்குக் கார் சாவி வேண்டும். கடைசியில் ஓய்வு பெற்ற அப்பா ஃபோன் செய்கிறார். புது வேலையில் தொல்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், நேரம் கிடைத்தால் வருகிறேன், பேசியதில் சந்தோஷம் என்கிறான் மகன். ஃபோனை வைத்த பிறகு அப்பாவுக்கு உறைக்கிறது: பையன் அச்சு அசல் நானாகவே ஆகிவிட்டான்.

இந்தப் பாட்டைப் பற்றி யாரிடம் பேசினாலும் வருவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான். 'கேட்டு அழுதுவிட்டேன், உடனே பையனைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனேன்.' இன்னொரு பக்கம், இது கண்ணீரைப் பிழிந்தெடுக்கும் மலிவான பாட்டு என்று முகம் சுளிக்கிறவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில், பிள்ளையைக் கவனிக்காத அப்பாவைக் கிண்டல் செய்ய இந்தப் பாட்டை இழுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்புறம், அந்த அப்பா என்ன தப்பு செய்தார், பில்லை யார் கட்டுவது என்று கேட்கிற கூட்டமும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் அனுதாபம். மூன்று ஷிப்ட் பார்த்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி புரியும்.

ஆனால் இவர்கள் எல்லோருமே கடைசி வரியை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். மகன் அப்பாவாக மாறிவிட்டான் என்று. சரி, சொல்வது யார்? அப்பா. பாட்டு முழுக்க அவர் குரல்தான், தீர்ப்பும் அவருடையதுதான்.

அந்த மகன் சொன்ன காரணத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அதாவது, தன் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிகிற தூரத்தில் அவன் இருக்கிறான். இந்த அப்பா, பையன் நடை பழகியபோது ஊரிலேயே இல்லை. இரண்டும் ஒன்றா? என் கணக்கில் அந்த மகன் தன் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி அப்பா. இந்த மனிதருக்குக் கொடுக்கத்தான் அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை. போடாத கணக்கில் பணம் எடுக்கப் போனால் இப்படித்தான் ஆகும். அதைப் போய், என்னையே உரித்து வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு ஆறுதல். ரத்தத்திலேயே வந்தது என்றாகிவிட்டால் யார் மேலும் பழி இல்லை பாருங்கள்.

நம் ஊரில் 'அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான்' என்று மூக்கையும் சொல்வோம், முன்கோபத்தையும் சொல்வோம். மூக்கு சரி. முன்கோபத்தை நானே எத்தனை முறை அப்பா கணக்கில் எழுதித் தப்பித்திருக்கிறேன் என்று என் மனைவியைக் கேட்டால் பட்டியலே தருவாள்.

இன்னொன்று. பாட்டில் அம்மா எங்கே? 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று வளர்ந்த எனக்கு அது முதலில் உறைத்திருக்க வேண்டும். இருபது வருடம் கழித்துத்தான் உறைத்தது. வேடிக்கை என்னவென்றால் இந்தப் பாட்டுக்கு மூலம் ஒரு அம்மா எழுதிய கவிதை. ஹாரியின் மனைவி சாண்டி. அவருடைய முதல் கணவருக்கும் அந்தக் கணவரின் அப்பாவுக்கும் இடையே பேச்சு சரியாக வராமல் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அந்த மாமனார் புரூக்ளின் அரசியலில் பெரிய புள்ளி. அதோடு ரேடியோவில் கேட்ட ஒரு கண்ட்ரி பாட்டும் சேர்ந்துகொண்டது: துருப்பிடித்த ஊஞ்சலைப் பார்த்துப் பழைய நாட்களைப் பேசும் ஒரு வயதான ஜோடி. எழுதிக் கணவரிடம் கொடுத்தால், ஹாரி முதலில் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டில் வரும் அப்பா செய்வதைத்தான் அவரும் செய்தார்! 1972-இல் மகன் ஜோஷ் பிறந்த பிறகுதான் அது பாட்டானது.

தலைப்பில் இருக்கும் அந்தப் பூனைத் தொட்டில், குழந்தைகள் விரல்களில் நூலை மாட்டிக்கொண்டு விளையாடும் ஒரு விளையாட்டு. ஒருவர் கையில் இருக்கும் நூலை எதிரில் இருப்பவர் தன் விரல்களால் வாங்கி வேறு உருவமாக்க வேண்டும். எதிரில் ஆள் இல்லாவிட்டால் நூல் அப்படியே விரலில் மாட்டிக்கொண்டு நிற்கும். பல்லவியில் வரும் மற்றதெல்லாமும் குழந்தைப் பருவத்துச் சாமான்கள்தான்: பிறந்த குழந்தைக்குப் பரிசாகத் தரும் வெள்ளிக் கரண்டி, மழலைப் பாட்டுகளில் வரும் சிறுவன், நிலாவில் இருக்கும் மனிதன். இதெல்லாம் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். ஐந்து பிள்ளைகள் இருந்த வீடு அது.

ஹாரியின் சொந்த அப்பா ஜிம் சேப்பின், பெயர் பெற்ற ஜாஸ் டிரம்மர். இசைக்குழுக்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். ஹாரியும் வருடத்துக்குச் சுமார் 200 நிகழ்ச்சி, அதில் பாதி பசி ஒழிப்பு போன்ற காரியங்களுக்கு நிதி திரட்ட. இந்தப் பாட்டைக் கேட்டால் தனக்கே பயமாக இருக்கிறது என்று சொன்னவர், அப்படியே ஓடிக்கொண்டும் இருந்தார். 1981 ஜூலை 16, ஒரு இலவச நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் லாங் ஐலண்டு நெடுஞ்சாலையில் விபத்து. வயது 38.

1993-இல் 'அக்ளி கிட் ஜோ' என்ற கலிஃபோர்னியா ராக் குழு இதையே கனமான கிட்டாரோடு பாடி, அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை கொண்டுபோனது. ராக் கேட்கும் என் நண்பர்களுக்கு அதுதான் 'ஒரிஜினல்'. இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. சேப்பின் பாடும்போது வருத்தப்படும் அப்பாவின் குரல் கேட்கிறது. இவர்கள் இருபதுகளில் இருந்த பையன்கள், அப்பாவின் வார்த்தைகளைத் திருப்பி அவர் முகத்திலேயே எறிகிற மாதிரி கத்துகிறார்கள். அந்தக் கார் சாவி வரி அவர்கள் வாயில்தான் சரியாக உட்காருகிறது.

விடுதி நாட்களில் நான் வீட்டுக்கு ஃபோன் செய்தால் அப்பாதான் எடுப்பார். 'சாப்பிட்டியா?' 'ம்.' 'இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்.' அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். அம்மா பேசும்போது பின்னாலிருந்து குரல் கேட்கும்: 'பணம் இருக்கான்னு கேளு.' எனக்கு அது எரிச்சலாக இருக்கும், நேராகவே கேட்டால் என்ன என்று. பாட்டில் வரும் அப்பாவுக்கு ஃபோனைக் கைமாற்ற ஆள் இல்லை. அவரே பேச வேண்டியிருந்தது, பாவம்.

நேற்று ராத்திரி மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். இந்தப் பதிவை மனதில் பாதி எழுதியிருந்த நேரம். நிறையப் பேச வேண்டும் என்றுதான் எடுத்தேன். பரீட்சை முடிந்ததா என்று கேட்டேன், முடிந்தது என்றாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. அவளும் பேசாமல் காத்திருந்தாள். ஃபோனை மனைவியிடம் நீட்டிவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"குளிருக்குப் போர்வை இருக்கான்னு கேளு."