அந்த ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மூன்று நாளாக இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் அலைகிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு சின்னக் கொம்பியூட்டர் பெட்டியில் ஓடும் லினக்ஸ் கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, என்னென்ன தெரிவுகளோடு மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து கட்டினார்கள்? அந்தத் தெரிவுகளை எழுதிவைத்திருக்கும் கான்ஃபிக் கோப்பைத்தான் தேடுகிறேன்.

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் வகுப்பு நடத்துகிறார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஆட்கள் காசு சேர்த்து அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். இன்டர்நெட்டுக்கு சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் டொங்கிள்தான். செருகினால் யூஎஸ்பி பட்டியலில் பேர் வருகிறது, சீரியல் போர்ட் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதே டொங்கிள் என் லேப்டொப்பில் உடனே வேலை செய்கிறது. அப்படியென்றால் டொங்கிளை இயக்கும் டிரைவரைக் கெர்னலில் சேர்க்கவே இல்லை, இல்லாவிட்டால் மொடியூல் என்ற தனிக் கோப்பாகக் கட்டிவிட்டு அதைப் பெட்டியில் போடாமல் விட்டிருக்கிறார்கள். கான்ஃபிக் கோப்பு கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 'எம்' என்றால் மொடியூல், 'இஸ் நொட் செட்' என்றால் கிடையாது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் என்றால் பூட் அடைவில் (ஃபோல்டரில்) கெர்னல் பதிப்பின் பேரோடு அந்தக் கோப்பு இருக்கும். ஃபெடோராவில் மொடியூல் அடைவிலும் கிடைக்கும். ஆர்ச்சில் ப்ரொக் அடைவுக்குள் கெர்னலே சுருக்கி எடுத்துக் கொடுக்கும். இந்தப் பெட்டியில் பூட் அடைவில் கெர்னலைத் தவிர எதுவும் இல்லை. ப்ரொக்கிலும் இல்லை. மொடியூல் அடைவு வெறுமை.

சரி, கான்ஃபிக்கைக் கெர்னலுக்குள்ளிருந்தே எடுத்துத் தர, கெர்னல் மூலநிரலோடு வரும் 'எக்ஸ்ட்ராக்ட் ஐகேகான்ஃபிக்' ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்று நினைத்தேன். லயத்தில் சிக்னல் இல்லை. மழையில் கோயில் மேட்டுக்கு ஏறி, போனைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு அதை இறக்கினேன். ஓட்டியதும் ஒரே வரிதான் வந்தது: கெர்னல் கான்ஃபிக் கிடைக்கவில்லை. கட்டும்போது ஐகேகான்ஃபிக் என்ற தெரிவுக்கு 'ஒய்' போட்டிருந்தால்தானே உள்ளே பதிந்திருக்கும்! அதைப் போட்டால் கெர்னல் எவ்வளவு பெருத்துவிடும்? சுருக்கிய பிறகு நூறு கிலோபைட் அளவு கூட வராது. போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது.

விற்றவர்களுக்கு எழுதினேன். வேறொரு மொடலின் மூலநிரலுக்குச் சுட்டி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். லினக்ஸ் கெர்னல், விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. 1991இல் எழுதிய உரிமம் அது. முழு மூலநிரல் என்றால் கம்பைல் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்களும் அதில் அடக்கம் என்று அந்த உரிமமே சொல்கிறது. ஆயிரக்கணக்கான தெரிவுகளில் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமல் இதே கெர்னலை நான் எப்படித் திரும்பக் கட்டுவது? ஊகித்துக் கட்டி, பெட்டி எழும்பாமல் போனால் அந்த ஆட்களுக்கு யார் பதில் சொல்வது? ஒரு மாதம் கொழுந்து பறித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று இவர்களுக்குத் தெரியுமா?

போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுச் சமாளிக்கச் சொல்கிறார்கள். டீச்சரிடம் இருப்பது ஒரே போன். அந்த டேட்டாவுக்கும் ரீலோட் போடுவது அவர்தான்.

நேற்று அந்திக்கு அவர் கேட்டார்: "அண்ணே, சனிக்கிழமை வகுப்புக்குச் சரிவருமா?" "பார்ப்போம் டீச்சர்" என்பதற்கு மேல் என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

எனக்குப் புதுப் பெட்டி வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம். கெர்னலைக் கட்டினீர்களே, அந்த கான்ஃபிக் கோப்பு உங்கள் கொம்பியூட்டரில் இருக்குமே. அதை ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள்.